துளசிமணி நிக்கற வரைக்கும்

தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு அப்பறம் வந்திருக்க வேண்டிய சனிக்கிழமை காலை, எங்க செங்குளம்புதூருக்கு மட்டும் சாயங்காலம் அஞ்சேகாலுக்குத்தான் வந்துச்சு. அதுக்குக் காரணம் என்ற ஓரகத்தி துளசிமணி. அவ மெதுவா ஓடுனா, அவ்வளவுதான். ஊரே இன்னைக்கு வரைக்கும் அவ பேரத்தான் சொல்லுது. நானும் அந்த ராத்திரி ஓடுனவதான், அவளுக்கு முன்னாடி ஓடுனவ, அவளவிட வேகமா ஓடுனவ, ஆனா என்னப் பத்தி யாராவது ஒரு வார்த்த கேக்கறாங்களான்னா இல்லீங்க. அதனால நானே சொல்லிக்கறேன்.

என்ற பேரு கோகிலவாணி. எங்களுது கொப்பரைக் களம். தேங்காய ஒடச்சு, களத்துல பரப்பி, அஞ்சாறு நாள் வெயில்ல காய வெச்சு எண்ணெய் மில்லுக்கு அனுப்பறது எங்க தொழில். இந்த மாதிரி இருவது களம் ஊருக்குள்ள இருக்குது, ஊரே வெயில நம்பித்தான் சோறு திங்குது, அதனால எங்க ஊருல கடிகாரத்தப் பாத்து வேலை செய்யற பழக்கமே கெடையாது. பொழுது கெளம்புனா பரப்புவோம், பொழுது உழுந்தா அள்ளுவோம். எங்க களத்துல இன்னொரு வழக்கமும் உண்டு. ஊட்டுக்குப் பெரியவ வாயத் தொறந்து 'ஆச்சு'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் குனிஞ்ச முதுக நிமித்தக் கூடாது, கையக் கழுவக் கூடாது. மாமியா இருந்த காலத்துல எனக்கு அவுங்க சொன்னாங்க. அவுங்க போயி பதினாலு வருசம் ஓடிருச்சு, இப்ப துளசிக்கும் களத்து ஆளுங்களுக்கும் நான் சொல்றேன்.

துளசி எங்க ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து எனக்கு அவ மேல பொறாமைதாங்க. அதுக்கு வேற நல்ல பேரு வெக்க எனக்குத் தெரியல. நான் எட்டு மணிக்குள்ள மூணு பேரு வேலைய முடிச்சுட்டு நெஞ்சு படபடக்க நிப்பேன், அவ அப்பத்தான் ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருப்பா, கடைசியில எல்லாரும் அவ வெச்ச ரசத்தத்தான் டம்ளர்ல வாங்கிக் குடிப்பாங்க. அவ அடுப்படியில நின்னா பால் பொங்கி வழியாது, அவ வந்து பாக்கற வரைக்கும் அப்படியே நுரை கட்டிக்கிட்டு நிக்கும். நான் ஓடியோடிப் போனா பஸ் அப்பத்தான் கெளம்பிப் போயிருக்கும், அவ முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு, எதுத்தாப்புல வர்றவங்ககிட்ட நலம் விசாரிச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு வருவா, பஸ் அவளுக்காக உறுமிக்கிட்டே நிக்கும். இதையெல்லாம் நான் மட்டுந்தான் கவனிச்சு வெச்சிருந்தேன்.

ஓட்டம் என்னோடதுங்க. சக்கரை ஏறிப்போச்சுன்னு டாக்டர் பயமுறுத்துனதுல அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஓட ஆரம்பிச்சவ நான், கோயமுத்தூரு, ஈரோடுன்னு போயி ஓடி பதினொரு பதக்கம் வாங்கி டி.வி.க்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டி வெச்சிருக்கறவ. அந்த ஊட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அப்படி இருக்கறப்ப பல் டாக்டர் பாலகுரு, அவரும் ஓடறவருதான், செங்குளத்துக் கரையச் சுத்தி ராத்திரி பூரா ஓடற போட்டி ஒண்ணு வெக்கறதா நோட்டீஸ் அடிச்சார். கரை ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டர், யாரு அதிகச் சுத்து வர்றாங்களோ அவுங்களுக்குத்தான் கேடயம். அவரு வெளியூர்க்காரர், சாயங்காலம் ஆறரையில இருந்து காலையில ஆறரை வரைக்கும்னுதான் எழுதுனார். களத்துக்காரங்க எல்லாரும் கூடி, அதென்னங்க ஆறரை ஏழரைன்னு, எங்களுக்கு அதெல்லாம் சரிவராதுங்கன்னு சொல்லி அடிச்சுட்டு, பொழுது உழுந்ததுல இருந்து பொழுது கெளம்பற வரைக்கும்னு மாத்தி எழுத வெச்சாங்க. அத மாத்தச் சொன்னதுல சத்தமாச் சொன்னது நாந்தான்.

பேரு குடுக்கப் போனா எனக்கு முன்னாடி துளசி பேரு இருக்குது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. கேட்டா, சும்மா நடந்து பாக்கறேனுங்க அக்கா, முடியலைன்னா உக்காந்துக்கறேன்னா. ஒரு மாசமா வெடியால களத்துல சுத்திச் சுத்தி ஓடிப் பாத்தாளாம், ஓட்டம்னு அதச் சொல்லக் கூடாது, கோழி கூட அதவிட வேகமாப் போகும். பல் டாக்டர் ஒருநா அதப் பாத்துட்டு, இதுதான் நீண்ட ஓட்டத்துக்குச் சரியான வேகம், பேசிக்கிட்டே ஓட முடியணும், கோகிலாம்மா நீங்களும் இவுங்களப் பாத்துக் கத்துக்கணும்னு என்ற மூஞ்சிக்கு நேரா சொன்னார். அதுக்கப்பறம் எனக்குப் பல் வலிச்சாலும் அவருகிட்டப் போறதில்ல.

வெள்ளிக்கிழமை பொழுது உழுகறப்ப கரையில முப்பத்தோரு பேர் நின்னோம். துளசி சுடிதார் போட்டுக்கிட்டு, தலையில கனகாம்பரம் வெச்சுக்கிட்டு வந்து நின்னா. பாத்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கல. "தா பாரு, ரெண்டு சுத்துல நின்னு எம் மானத்த வாங்காத. நான் ஆச்சுன்னு சொல்லாம நீ நிக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" ன்னேன். குத்தலாச் சொன்னதுதாங்க, பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. அவ சிரிக்கல, "சரிங்க அக்கா" ன்னா. பீப்பி ஊதுனாங்க, நான் கெளம்புனேன், சொன்னத அங்கயே மறந்துட்டேன்.

ராத்திரியில ஓடறதப் பத்தி என்ன சொல்றது, கரை மேல எரநூறு அடிக்கு ஒரு டியூப்லைட்டு, தண்ணிக்குள்ள இன்னொரு டியூப்லைட்டு, கொக்கெல்லாம் கருவேலமரத்துல ஒறங்குது, நாம மட்டும் ஓடிக்கிட்டே இருக்கறோம், பத்து மணிக்குப் பசிக்குது, பன்னெண்டு மணிக்கு ஒறக்கம் வருது, ரெண்டு மணிக்கு எதுக்குடா இந்தப் பொழப்புன்னு அழுகை வருது, மூணு மணிக்கு அழுகை கூட வர்றதில்ல. ஒவ்வொருத்தரா ஒக்காந்துட்டாங்க. நான் துளசியத் தாண்டிப் போயி, மறுபடி தாண்டிப் போயி, மறுபடியும் தாண்டிப் போனேன், ஒவ்வொரு தடவையும் அவ "பாத்துப் போங்க அக்கா, அங்க கல்லு கெடக்குது" ன்னு அக்கறையாச் சொல்லுவா, எனக்கு அந்த அக்கறையில தீய வெக்கணும் போல இருக்கும். ஆறரை மணிக்கு நான் முப்பத்தெட்டாவது சுத்த முடிச்சேன். அவ இருவது. இனி வெளிச்சம் வரப்போகுதுன்னு பந்தல்ல உக்காந்து ஷூவக் கழட்டுனேன்.

வெளிச்சம் வரல.

ஏழு மணிக்கும் வரல. சேவலெல்லாம் கூவிக் கூவித் தொண்டை கட்டி எட்டு மணிக்கு அடங்கிருச்சு. சனிக்கிழமையானாலும் ஸ்பெஷல் கிளாஸ்னு பள்ளிக்கூடத்துல மணியடிச்சாங்க, பிள்ளைங்க டார்ச் லைட்டோட போயி டியூப்லைட்டுக்கு அடியில நின்னு பிரேயர் பாடுச்சுங்க. ஊரு எல்லையில எடைமேடை இருக்குது, அந்தப் பக்கம் பளீர்னு வெயிலு, இந்தப் பக்கம் இருட்டு, லாரிக்காரங்க எடைமேடை மேல ஏறுனதும் ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள வந்தாங்க, போறப்ப அணைச்சுக்கிட்டுப் போனாங்க, ஏன்னு கூடக் கேக்கல. பொம்பளைங்க துணியத் தொவச்சுட்டுப் போயி எடைமேடைக்கு அந்தப் பக்கம் கொடி கட்டிக் காயப் போட்டுட்டு வந்தாங்க. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்த தறிக்காரங்க வாழ்க்கையில மொத தடவையா ஜன்னலச் சாத்தாம ஒறங்குனாங்க. பெறந்ததுல இருந்து கண்ண மூடாம வீல் வீல்னு கத்துன டெய்லர் ஊட்டுக் கொழந்தை அன்னைக்குப் பதினோரு மணி நேரம் ஒறங்குச்சு, அவங்க அம்மா மூக்குல வெரல வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளாம்.

காரணத்தக் கண்டுபிடிச்சது டீக்கடை மாரப்பன். துளசி டீ குடிக்க நின்னுடற மாதிரி ஆனா கெழக்கால லேசா வெளுக்குது, அவ டம்ளரக் குடுத்துட்டு மறுபடி ஓட ஆரம்பிச்சா கருத்துப் போகுது. மூணு தடவ பாத்து உறுதி பண்ணிட்டு, இவ நின்னாத்தான் விடியும்னு சாதாரணமாச் சொன்னான். பஸ் நிக்கறத, பால் நிக்கறதப் பாத்தவளுக்கு இதுல என்ன அதிசயம், எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வெளியில சொல்லிக்கல.

கஷ்டம் என்னன்னா, வெள்ளிக்கிழமைதான் இருவது களத்துலயும் தேங்கா ஒடச்சுப் பரப்பியிருந்தோம். ஒடச்ச மறுநாள் வெயில் படலீன்னா ஈரத்துல பூஞ்சை புடிச்சு மொத்தமும் வீணாப் போகும். மத்தியானத்துக்கெல்லாம் களத்துல இருந்து ஒரு புளிச்ச வாசம் கெளம்புச்சு. ஆளுங்க கூடையில அள்ளிக்கிட்டுப் போயி எடைமேடைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்துல பரப்பினாங்க, எத்தன கூடைன்னு சொமக்கறது. துளசிய எப்படியாவது நிக்க வெக்கணும்னு களத்துக்காரங்க அம்பதடிக்கு ஒருத்தரா நின்னு எளநீ, பொரிகடலை, வாழப்பழம், இட்லின்னு நீட்டுனாங்க, அவ எல்லாத்தையும் நன்றி சொல்லி வாங்கி ஓடிக்கிட்டே தின்னா. தறிக்காரங்களும் பரீச்சைக்குப் படிக்காத பிள்ளைங்களும் இன்னும் ரெண்டு சுத்து போங்கம்மான்னு கையத் தட்டுனாங்க. நில்லுன்னு அவகிட்ட நேராச் சொல்ல யாருக்கும் வாய் வரல, ராத்திரி பூரா ஓடுன ஒரு பொம்பளைகிட்ட அத எப்படிச் சொல்றதுன்னு கூச்சம்.

இதுல நான் எங்கன்னு கேக்கறீங்களா? பந்தல்ல. கால வெந்நித் தண்ணியில வெச்சுக்கிட்டு. எனக்குக் குடுத்த டீ ஆறிப்போயி ஆடை கட்டி இருந்துச்சு. என்ற ஊட்டுக்காரர் சென்னியப்பன், கலியாணம் ஆன நாள்ல இருந்து எனக்காக ஒரு டார்ச் புடிச்சறியாத மனுசன், துளசிக்கு முன்னால டார்ச் அடிச்சுக்கிட்டுப் பின்னோக்கி நடந்துக்கிட்டு இருந்தார். நான் பெத்த பொண்ணு, சித்தி சூப்பர் சித்தின்னு கத்துது. முப்பத்தெட்டு சுத்து போட்டவ இங்க உக்காந்திருக்கறேன்டி. அவ இருவத்தி அஞ்சு, முப்பது, முப்பத்தி மூணுன்னு வந்துக்கிட்டே இருந்தா. விதிப்படி இன்னும் பொழுது கெளம்பல, போட்டி முடியல, என்னையத் தாண்டப் போறா. நானும் எந்திரிச்சு இன்னும் ரெண்டு சுத்து போட்டுடலாம்னு பாத்தேன், கெண்டக்கால் இழுத்துக்கிச்சு, பந்தல்க் காலப் புடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டேன். உலகத்துக்கே பொதுவான சூரியன் அவ ஒருத்தி காலுக்காக நிக்குதே, எனக்காக என்னைக்காவது ஒரு ஈ, எறும்பு நின்னிருக்குதான்னு நெனச்சேன். அன்னைக்கு நான் அழுதது கால் வலியில இல்லீங்க.

மூணேகாலுக்கு அவ முப்பத்தாறு முடிச்சப்ப ஊரே என்கிட்ட வந்துச்சு. மாரப்பன், பல் டாக்டர், களத்துக்காரங்க எல்லாரும். பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சிருச்சு கோகிலாக்கா, நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்னாங்க. அப்பத்தான் நான் இருக்கறது ஊருக்கு ஞாபகம் வந்துச்சு. எனக்கும் ஒரு கணக்கு ஓடுச்சு, இப்ப அவ நின்னா நாந்தான் மொதல். ஊட்டுக்காரரோட ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டு, நொண்டிக்கிட்டே போயி அவகூடச் சேந்துக்கிட்டேன். என்ற நொண்டலும் அவ ஓட்டமும் ஒரே வேகந்தான்.

கிட்டத்துல பாத்தா அவ மொகம் வீங்கி, உதடு வெடிச்சு, கனகாம்பரம் ஒரே ஒரு இதழ் ஒட்டிக்கிட்டு இருக்குது. ஷூவுல ரத்தம். இப்படி ஆகியும் எதுக்குடி ஓடறேன்னு கேட்டேன்.

"நீங்க இன்னும் ஆச்சு சொல்லலீங்களே அக்கா."

அவளே மேலயும் சொன்னா, மூச்சு வாங்கிக்கிட்டு, நிதானமா. "பந்தலத் தாண்டறப்பவெல்லாம் உங்க மொகத்தப் பாத்தேனுங்க. நீங்க பேசவே இல்ல. முப்பத்தெட்டுக்குள்ள சொல்லிருவீங்கன்னுதான் இந்தச் சுத்த இத்தன மெதுவா வர்றேன். உங்களத் தாண்டறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க அக்கா."

சூரியன் அவ காலுக்காக நின்னுச்சு, அவ காலு என்ற வாய்க்காக நின்னுச்சு. ஒரே ஒரு வார்த்த. சொன்னா விடிஞ்சிரும், கொப்பரை பொழைக்கும், கேடயம் எனக்கு. அந்த வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. ஆனா அவ தூக்கிப் போட்ட கேடயத்த டி.வி.க்குப் பக்கத்துல மாட்டி, தினமும் அவ வெச்ச ரசத்தக் குடிச்சுக்கிட்டு அதப் பாத்துக்கிட்டு இருக்கறதா? பொறாமையில கூட ஒரு ரோசம் இருக்குதுங்க. நான் நின்னுட்டேன். அவளப் பாத்து, "ஓடு, நான் இன்னும் சொல்லல" ன்னேன்.

திரும்பி நொண்டிக்கிட்டு வந்து கெளம்புன கோட்டுக்குப் பக்கத்துல நின்னேன். சொல்லிட்டீங்களான்னு எல்லாரும் பரபரத்தாங்க, நான் வாயத் தொறக்கல. முப்பத்தேழு வந்துச்சு. களத்துக்காரங்க கும்பிட்டாங்க, திட்டுனாங்க, என்ற ஊட்டுக்காரர் கூட, நம்ம களமும் போகுது வாணின்னார். முப்பத்தெட்டு வந்துச்சு. ரெண்டு பேரும் சமம். கோட்டுல அவ காலு தயங்கி என்ற மொகத்தப் பாத்தா, நான் குளத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். அவ போனா. அந்தக் கடைசிச் சுத்துல யாரும் கை தட்டல, எளநீ நீட்டல, ஊரு பூரா கரையில வரிசையா நின்னு அவ செருமறதயும் ஷூ தேயறதயும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அந்த முக்கா மணி நேரம் எனக்கு முன்னாடி கழிஞ்ச மொத்த ராத்திரிய விட நீளம். அவ கோட்டத் தாண்டி முழு அடி வெச்சதுக்கு அப்பறந்தான் சொன்னேன்.

"ஆச்சு."

அவ நின்னா. நின்ன எடத்துலயே உக்காந்தா. பனமரத்துக்குப் பின்னால பொழுது கெளம்புச்சு, நல்ல காலை வெயிலு, சாயங்காலம் அஞ்சேகால் மணிக்கு. ஜனங்க அவளக் கூடத் தூக்கல, கொப்பரையப் பரப்பத் தார்ப்பாயத் தூக்கிக்கிட்டுக் களத்துக்கு ஓடுனாங்க.

கொப்பரையில பாதி தப்பிச்சுது, மீதி கருத்துப் போயி சோப்புக் கம்பெனிக்குப் போச்சு. அன்னைக்கு எங்களுக்கு ராத்திரி எப்ப வந்துச்சு, அடுத்த நாள் எப்படிச் சரியாச்சுன்னு கேக்காதீங்க, ஒரு வாரம் அப்படி இப்படின்னு ஓடி ஊரு பக்கத்து ஊரோட சேந்துக்கிச்சு. கேடயம் துளசிக்குத்தான். பல் டாக்டர் மைக்கப் புடிச்சு, தன்னோட வெற்றிய விட்டுக் குடுத்த கோகிலாம்மாவோட பெரிய மனசப் பாராட்டறேன்னு சொன்னார், எல்லாரும் கை தட்டுனாங்க. பெரிய மனசு. நான் அது இல்லைன்னு சொல்லல. வாங்கி வெச்சுக்கிட்டேன்.

இப்ப நான் சொல்றத ஊருல யாருகிட்டயும் சொல்லீராதீங்க. அதுக்கப்பறம் பங்குனியில ஒரு நாள், ஊட்டுல எல்லாரும் ஒறங்கறப்ப, நாலு மணிக்கு எந்திரிச்சு நான் மட்டும் செங்குளத்துக் கரைக்குப் போனேன். துளசி மாதிரியே ஓடிப் பாத்தேன், அவளவிட மெதுவா, நத்தை மாதிரி, கெழக்கால ஒரு கண்ண வெச்சுக்கிட்டு. நில்லு, எனக்காக ஒரு தடவ நில்லு, ஒரு சுத்து போதும்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டே ஓடுனேன். ஆறு இருவதுக்கு வரவேண்டிய பொழுது ஆறு இருவதுக்கே வந்து என்ற கண்ணுல குத்துச்சு. அடுத்த நாளும் போனேன். பதினேழு நாள் போனேன். ஒரு நிமிசங்கூட நிக்கல.

பதினேழாவது நாள் ஊட்டுக்குத் திரும்பறப்ப துளசி அடுப்படியில இருந்தா. என்னை மேலயும் கீழயும் பாத்தா, ஷூவுல ஒட்டியிருந்த கரைமண்ணப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. நான் வழக்கம் போல மொறத்த எடுக்கக் குனிஞ்சேன், களத்துக்குப் போகணும், ஆளுங்க வந்துருவாங்க. அவ வந்து என்ற கையில இருந்து மொறத்த வாங்கி வெச்சுட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு, காப்பி டம்ளரக் கையில குடுத்தா.

"ஆச்சுங்க அக்கா. உக்காருங்க."

மாமியா போன இந்தப் பதினாலு வருசத்துல அந்த வார்த்தைய எனக்கு யாரும் சொன்னதில்ல. நான் உக்காந்தேன். காப்பி சூடாத்தான் இருந்துச்சு, மூலையில வெயிலு ஏறிக்கிட்டு இருந்துச்சு, கண்ணுல தண்ணியா வந்துச்சு. எனக்கு 'ஆச்சு' சொல்லணும்ங்கறதும் எனக்கே தோணறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க.